ஒரே மாதிரி இரண்டு பென்டிரைவ்

எங்கள் ஆபீஸ் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருப்பது ஏழு மெஷின், ஏழும் கிழடு, மாதத்துக்கு ஒன்று படுத்துக்கொள்ளும். நான் அதைத் துடைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றுவேன். அதற்கான பென்டிரைவை மற்றவர்களைப் போல மவுஸை வைத்துப் பட்டன் தட்டித் தயார் செய்யமாட்டேன். கறுப்புத் திரையில் ஒரே வரி. டிடி என்று ஒரு கட்டளை. எந்த ஃபைலை எடுப்பது, எந்த டிஸ்கில் எழுதுவது என்று சொன்னால் போதும். நிச்சயமா, யோசித்தாயா என்றெல்லாம் நச்சரிக்காது. அந்த டிஸ்கில் என்ன இருந்தாலும் அதன் மேலேயே முதலில் இருந்து எழுதிக்கொண்டு போகும். அந்தக் குணம்தான் எனக்குப் பிடித்திருந்தது. பட்டன் தட்டுகிறவர்களைக் கேலி செய்வேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

அத்தான் தோணியில் வேலை பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர். இங்கிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகிற தோணி. போனால் வர மாதக்கணக்காகும், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்புவார். மகள் பிறந்த பிறகு பாதிக்கு மேல் அவளுக்குத்தான். ஒன்றரை வயதில் அவளுக்குத் திருச்செந்தூரில் காது குத்துவதாக இருந்தது. அவரால் வர முடியவில்லை. என்னை விட்டுட்டுக் குத்திராதிய என்று சொல்லி அதையும் ஒரு பதிவாக அனுப்பினார். சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியில்தான் வந்தார்.

அதற்கடுத்த மழையில் அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். போன் முங்கிப்போனது. செல்போன் கடைக்காரர் எப்படியோ அதிலிருந்து நாற்பத்தோரு பதிவுகளை உருவி எடுத்துவிட்டார். அவற்றைப் போட்டுக்கொடுக்க அக்கா கொண்டுபோன பென்டிரைவ் நான் கொடுத்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள் புதுவருஷத்துக்கு டைரியோடு பென்டிரைவும் தருவார்கள். ஆபீசில் யார் மேஜையைத் திறந்தாலும் அதே நீலப் பென்டிரைவ், அதே பதினாறு ஜிபி. நான் இன்ஸ்டால் பண்ண வைத்திருந்ததும் அதுதான்.

காது குத்துக்கு மறுபடி நாள் பார்த்தாகிவிட்டது. பிள்ளைக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. அக்கா அந்தப் பென்டிரைவை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

“ஏலே, இது ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு காப்பி எடுத்து என் போன்லயும் ஏத்திக் குடு. குத்துறதுக்கு முன்னால அவ அப்பா பேசுறதக் கேக்கட்டும். அவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

மறுநாள் காலையில் ஆபீசில் அதைச் சொருகினேன். திறந்து பார்த்தேன், நாற்பத்தொன்றும் இருந்தன. ஒன்றைத் தட்டினேன். ‘ஏளா குட்டி, காது குத்தும்போது அழப்படாது என்னா. அப்பா அங்கனதான் நிப்பேன்’ என்று அத்தான் சொல்லிவிட்டு இருமினார். பின்னால் கடல் காற்று. மறுபடியும் தட்டப் போனேன். அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். கப்பல் வந்து நிற்கிறது, கஸ்டம்ஸுக்கு எழுதுகிற மெஷின் உயிரை விட்டுவிட்டது, பத்து கண்டெய்னர் பேப்பர் அதில் போக வேண்டும் என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து என் பென்டிரைவை எடுத்துப் பக்கத்து ஓட்டையில் சொருகினேன். நடுவில் அதில் ஆபீஸ் ஃபைல்களைப் போட்டிருந்தேன், லினக்ஸை மறுபடி எழுத வேண்டும்.

சொருகியிருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியல் போட்டுக் காட்ட ஒரு கட்டளை உண்டு. அதைப் பார்க்காமல் டிடி அடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்றைக்கு மேல் அம்புக்குறியை மட்டும் தட்டினேன். போன மாதம் அடித்த வரி அப்படியே வந்தது. கடைசியில் எஸ்டிபி, முதலில் சொருகுகிற பென்டிரைவுக்குக் கம்ப்யூட்டர் வைக்கிற பெயர். எப்போதும் ஒரு பென்டிரைவ்தான் இருக்கும், அது எஸ்டிபியாகத்தான் இருக்கும். என்ட்டர் தட்டினேன். அன்று எஸ்டிபி, முதலில் சொருகியிருந்த அக்காவுடையது. என்னுடையது எஸ்டிசி.

எழுதி முடித்ததும் என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் செத்த மெஷினில் சொருகினேன். பூட் ஆகவில்லை. பென்டிரைவைத் திட்டினேன், கப்பல் கம்பெனிக்காரனைத் திட்டினேன். திரும்பி வந்து அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். எஸ்டிபி என்ற பெயருக்கு எதிரே லினக்ஸ் என்று இருந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். முதலாளி இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் மீட்கப் பார்த்தேன். அழித்த ஃபைலைத் தேடி எடுக்கிற கருவி எத்தனை உண்டோ அத்தனையும் ஓட்டினேன். டிலீட் செய்திருந்தால் கிடைத்திருக்கும். இது அழித்தது இல்லை, மேலே எழுதியது. நாற்பத்தோரு பதிவும் சேர்ந்து டிஸ்கின் முன்பக்கத்தில் கொஞ்சம் இடத்தில்தான் இருந்திருக்கின்றன. அந்த இடத்தில் இப்போது லினக்ஸ். பின்பக்கத்தில் இருந்து பழைய ஸ்கேன்கள் வந்தன. அக்காவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் போட்டுவைத்திருந்த ஆபீஸ் பேப்பர்கள், யாருக்கும் வேண்டாதவை, ஒன்று விடாமல் வந்தன. எனக்கு அழுகை வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன்.

அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். அழிஞ்சு போச்சு என்று சொல்லத்தான் வாய் வந்தது. “அக்கா, நான் அழிச்சிட்டேன்” என்றேன். அவள் கிரைண்டரை நிறுத்தினாள். எல்லாமா என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். கையில் இருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு, “எனக்கு எல்லாம் மனப்பாடம்லே. அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது” என்றாள். பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டாள். வைது தீர்த்திருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திருச்செந்தூருக்கு வந்த சொந்தக்காரர்கள் அப்பா குரலைப் போடவில்லையா என்று கேட்டார்கள். தண்ணி பட்டு அந்தப் பென்டிரைவும் கெட்டுப்போச்சு என்று அக்கா சொன்னாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். தம்பியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்பா பேசுறதப் போடு மாமா என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். ஏளா குட்டி, காது குத்தும்போது அழப்படாது என்னா, அப்பா அங்கனதான் நிப்பேன். ஒரு சொல் மாறவில்லை. அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். கடைசியில் அவரைப் போலவே இருமக்கூடச் செய்தாள்.

பிள்ளை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அக்காவின் வாயைக் கையால் பொத்தினாள்.

“நீ சொல்லாத. அப்பா சொல்லட்டும்.”

ஆசாரி குத்திவிட்டார். அவள் வீறிட்டு அழுதாள். அக்கா தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அவள் முதுகு குலுங்கியது. இன்னொரு காது இருந்தது. பிள்ளையின் தலையைத் திருப்பி அசையாமல் பிடிக்க வேண்டியது தாய்மாமன்தான். பிடித்தேன்.