லாரி நிற்கும் இடம்

தக்காளிச் செடிக்குள் நுழைந்து வந்தால் விரலெல்லாம் பச்சைக் கறை, சோப்புக்கும் போகாத ஒரு காரவாசம். பலமனேர்ப் பக்கம் எங்கள் குத்தகைக் கொல்லையில் அந்த வாசத்தோடுதான் நான் நீளமான இங்கிலீஷ் சொற்களைக் கற்றேன்.

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, டிகிரி முடித்தவர்கள் போனில் இங்கிலீஷ் பேசும் வேலைக்கு பஸ் ஏறிய காலம். என் அக்கா வனஜாவும் போனாள். உச்சரிப்பு சரியில்லை, பழகிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னொரு தபா போய் வா. ஆவலைன்னா வி.கோட்டா மாப்பிள்ளை வூட்டுக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்றார் எங்கள் நைனா, அப்பா.

அக்கா அகராதியோடு கொல்லைக்கு வந்தாள். அங்கே "பாக்ஸ்" என்ற தக்காளிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். செடிப் பக்கம் நான், அடுத்து அக்கா, அம்மா, லாரியடியில் பலசாலியான நாகராஜ் மாமா, லாரிமேல் நைனா. பெட்டி கைமாறிப் போகும். ஆள் கூடினால் செடிப் பக்கம்தான் சேர்வார்கள், லாரிப் பக்கத்து ஆட்கள் மாறுவதில்லை.

பெட்டியோடு ஆளுக்கோர் அசை கூவச் சொன்னாள் அக்கா: கம், யூ, னி, கே, ஷன். முதல் அசையை நான் தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் ஊரில் எல்லாரும் முதல் அசையை அழுத்தித்தான் சொல்வோம். இன்டர்வியூவில் அக்கா சொன்னதும் அப்படித்தான்.

"குடுக்கறவ நீ இன்னாத்துக்கும்மே முக்கறே? தம் கட்டித் தூக்கறவன் நான்" என்றார் மாமா.

அக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அகராதியைப் புரட்டினாள். அழுத்திச் சொல்லச் சொல்லும் குறி மாமாவின் "கே"வுக்குத்தான் இருந்தது. எஜுகேஷனுக்கு நாலே அசை, நான் தேவையில்லை, ஆனாலும் அழுத்துகிற பாரம் மாமாவுக்குத்தான். கடைசி அசையாக லாரிமேல் "ஷன்" ஏறினால் அப்படி. யூனிவர்சிட்டி மாதிரி "டி" ஏறினால் பாரம் ஓர் ஆள் பின்னால், அம்மாவிடம். செடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம், எண்ண வேண்டியது லாரியிலிருந்து.

அறுப்பு முடியும்வரை கூவினோம். அக்கா மறுபடி பஸ் ஏறினாள், வேலையோடு திரும்பினாள். ரெஸ்பான்சிபிலிட்டி என்று படிக்கச் சொன்னார்களாம்.

"பாரத்தை அம்மாகிட்ட குடுத்துட்டேன்" என்றாள்.

"வேலைக்குப் போனாலும் என் தலையிலதானா?" என்றாள் அம்மா. வி.கோட்டாவைப் பற்றி நைனா அப்புறம் வாய் திறக்கவில்லை.

அந்தக் கொல்லை இப்போது வீட்டுமனைகள். உச்சரிப்பைப் போனே சொல்லிவிடுகிறது. நானும் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறேன். மீட்டிங்கில் பழகாத நீளச் சொல் ஒன்று வந்தால், வாயைத் திறக்குமுன் லாரி எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்கிறேன்.