முனியாண்டியிடம் சொல்லி வைத்த வீணை

முதலில் ஒரு திருத்தம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஒரு பலாமரத்தடி முனியாண்டிக்கு முன்னால் நான் எலுமிச்சம்பழத்தோடு கைகூப்பி நிற்கிறேன். "கான்வென்ட்டில் படித்த பெரியம்மா முட்டிவலிக்கு முனியிடம் போய்விட்டார்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எனக்கு முட்டிவலி இல்லை. நான் வேண்டுதல் வைக்கப் போகவும் இல்லை. ஒரு மரம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். வேண்டுதல் வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டும் ஒன்றல்ல.

என் கணவர் அந்த ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்தவர். வீணை வாசிப்பார். சுமாராகத்தான் வாசிப்பார், இறந்துவிட்டார் என்பதற்காக நான் கூட்டிச் சொல்லமாட்டேன். ஆனால் வீணையின் மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஒட்டுப் போடாமல் ஒரே பலாக்கட்டையில் குடைந்த வீணையை ஒருமுறை தஞ்சாவூரில் தொட்டுப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பருத்து முற்றிய மரம் இனிக் கிடைப்பது கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம். திரும்பி வந்ததும், தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால், மூன்று பலாக்கன்றுகளை நட்டார். "இது நம் காலத்துக்கு இல்லை. பிள்ளைகள் காலத்துக்கும் இல்லை" என்றார். புதிதாகக் கல்யாணமான எனக்கு எரிச்சலாக இருந்தது. முகம் தெரியாத யாருக்கோ வீணை. என் சேலைகளை வைக்க ஓர் அலமாரி கிடையாது.

பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியபோது இரண்டு மரங்கள் போயின. கணவரும் போனார். இந்தத் தைப்பூசத்துக்குப் பிறகு, அந்த நிலத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். மரம் போய்விடும் என்பது ஒரு பயம். அது எதற்காக நிற்கிறது என்பது என் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய பயம். எனக்கு வயது எழுபத்தொன்பது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஈப்போவிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினேன். காத்திருப்பு உட்பட நூற்றைம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் முக்கால் மணி நேரம் பிடிக்கும், லாரிகள் வழிவிடாது. டிரைவர் சேகர், நாற்பது வயதிருக்கும். டவுனைத் தாண்டிச் செம்மண் பாதையில் இறங்கியதும் வேகத்தைக் குறைத்தார்.

"ஆண்ட்டி, இங்க யாரு இருக்கா உங்களுக்கு? ஒரு வீடும் காணோமே."

"ஒரு மரம் இருக்கிறது, தம்பி."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "மரத்தப் பாக்கவா நூத்தம்பது வெள்ளி? எங்க வீட்டு வாசல்ல ரெண்டு நிக்குது. சும்மாவே காட்டுவேன்லா."

நான் சிரிக்கவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் செம்பனையை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஒரு காலத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி பால்மரம் நின்ற இடத்தில் வெறும் வானம். தூரத்தில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று கையை மடக்கிக்கொண்டு நின்றது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மரம் நின்றது. காரிலிருந்து பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி, பக்கத்தில் போகும்வரைதான் இருந்தது. அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. கீழே சூலம், சுருட்டு, சாராயப் போத்தல். தரையிலிருந்து ஓர் ஆள் உயரம்வரை மரம் முழுக்க ஆணி. வேண்டுதலுக்கு ஒன்று என்று அடித்திருக்கிறார்கள். துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பாகக் கசிந்திருந்தது. இரும்பு இறங்கிய கட்டையில் எந்த ஆசாரி உளி வைப்பார்?

பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"ஐயையோ, கிராணியம்மாவா! இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கிறேன். நீங்கள்?"

"வேலு பொஞ்சாதி, லெட்சுமி. நீங்க எங்க நம்மள பாத்திருக்கப் போறீங்க? நாங்க குடியிருந்த லயத்துப் பக்கம் வந்தா செருப்புல சேறு ஒட்டிக்கும்னு வரமாட்டீங்களே."

வேலு தோட்டத்தில் மரம் வெட்டும் வேலை செய்தவர். என் கணவரோடு நல்ல பழக்கம். போன வருடம் தவறிவிட்டதாக லெட்சுமி சொன்னார். ஆணிகளைக் காட்டி யார் ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"அவருதான். கிராணியய்யா கடைசியா வந்தப்ப, 'வேலு, இந்த மரத்த வெட்ட விட்டுறாத'ன்னு சொல்லிட்டுப் போனாருல்ல? மத்த ரெண்டும் போன மாதிரி இதுவும் போயிரக் கூடாதுன்னு முனிய கொண்டாந்து வச்சாரு. ரொம்ப நாளா இருக்குற சாமி மாதிரி தெரியணும்னு மொத ஆணி பத்தையும் அவரே அடிச்சாரு. வேல செஞ்சுதே! போன மாசம் சீன குத்தகைக்காரரு மிசினோட வந்தாரு. பாத்தாரு, ஊதுபத்தி கொளுத்துனாரு, மிசின அந்தாண்ட திருப்பிட்டுப் போயிட்டாரு."

"எதற்காக வெட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லையா?"

"இல்லியே. பெரியவங்க சொன்னா காரணம் கேப்பமா?"

சொன்னவர் என் கணவர், கேட்டவர் வேலு. நடுவில் வேறு ஆளே இல்லை. ஒரே ஒரு வாயிலிருந்து ஒரே ஒரு காதுக்குப் போவதற்குள் பாதிச் செய்தி காணாமல் போய்விட்டது. காக்கச் சொன்னது சேர்ந்தது. எதற்கு என்பது சேரவில்லை. மிச்சப் பாதியை உயிராகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மரத்தைக் காப்பாற்றி வீணையைக் கெடுத்திருந்தார்கள்.

நான் வீணையைப் பற்றிச் சொன்னேன். லெட்சுமி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஆணி இல்லியே. மேல உள்ளத வச்சுச் செய்ய முடியாதா?"

நானும் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் மரம் சுத்தமாக, நேராக, முதல் கிளைவரை நீளமாகப் போயிற்று. பயத்தில் நான் தலையைத் தூக்கவே இல்லை.

ஆனால் கிளம்புமுன் ஈப்போவில் மரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது, மரம் வேண்டிய அளவு பருக்க இன்னும் முப்பது வருடமாவது வேண்டும் என்றார்கள். அதுவரை யார் நினைவில் வைத்திருப்பார்? லெட்சுமியிடம் கேட்டேன், நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பீர்களா என்று.

"என் மவன் ஜொகூர்ல இருக்கான். தீபாவளிக்கு வாரேன்னுவான், வரமாட்டான். எங்கிட்ட சொல்லாதீங்க கிராணியம்மா, அங்க சொல்லுங்க" என்று சூலத்தைக் காட்டினார். பிறகு விளக்கினார். இங்கே ஒருவர் வேண்டிக்கொண்டதைச் செலுத்தாமல் விட்டால், ஒவ்வொரு வருடமும் ஆடிப் பூசையில் அவர் பெயரைச் சொல்லி, இன்னது பாக்கி என்று எல்லார் முன்னாலும் கூப்பிடுவார்களாம். ஆள் செத்தாலும் விடமாட்டார்களாம். "எங்க கொழுந்தனாரு ஒரு சேவல் பாக்கி. போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சு. இன்னமும் கூப்பிடுறோம், வெக்கமா இருக்கு."

என் பெயர் எங்கும் பாக்கிக்காரி என்று அழைக்கப்பட்டதில்லை. இனி வருடம்தோறும், நான் சாம்பலான பிறகும், முன்பின் தெரியாதவர்கள் சுருட்டுப் புகையில் நின்றுகொண்டு அப்படி அழைப்பார்கள். ஆனால் முப்பது வருடம் ஒரு சொல்லைக் கெடாமல் வைத்திருக்கக்கூடிய வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் அலமாரியில் கிடக்கும். யாரும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து உரக்கப் படிக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஏழெட்டுப் பேர் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். லெட்சுமி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார். நான் சத்தமாக, முழுப் பெயரோடு சொன்னேன்: இந்த மரம் முற்றி, சாமி உத்தரவு கொடுக்கும்போது, மேல்மரத்தில் ஒரே கட்டையாக ஒரு வீணை செய்யப்படும், அது முதலில் இந்த இடத்தில் வாசிக்கப்படும். சேகர் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அதை என் தங்கை மகளுக்கு அனுப்பியது நான்தான். மீதியை நீங்கள் அறிவீர்கள்.

"இனிமேல் ஆணி அடிக்க வேண்டாம்" என்றேன்.

"அத நீங்க சொல்லக் கூடாது, சாமி சொல்லணும்" என்றார் லெட்சுமி. கொஞ்சம் யோசித்து, "சரி விடுங்க, சொல்லிருச்சுன்னு நானே சொல்லிக்கிறேன்."

திரும்பும் வழியில் டவுன் வந்ததும் சேகர், "ஆண்ட்டி, அப்ப வீணை வாசிக்க ஆளு இருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போங்கள், அப்போதுதான் ஆள் இருக்கும். மூடிய காலணி அவசியம். அட்டையும் நாயும் உண்டு. மழை பெய்தால் செம்மண் பாதையில் கார் இறங்காது. கற்பூரம், எலுமிச்சம்பழம் போதும், ஆணி கொண்டுபோகாதீர்கள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, மரத்துக்கு விலை பேச ஆள் கிளம்பிவிடும் என்று பயமாக இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்வேன்.

நிபந்தனை ஒன்று. நீங்கள் வீணை கற்பவராகவோ செய்பவராகவோ, முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவராகவோ இருக்க வேண்டும். ஆடிப் பூசையில் என் பெயரைக் கூப்பிடும்போது, "அவருக்காக நான் வந்திருக்கிறேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். விருப்பம் இருந்தால், பின்னூட்டத்தில் கட்டைவிரல் படம் போடாமல், மேலே தேதியிட்டு முழு வாக்கியங்களில் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். உங்கள் பெயரோடு, உங்களுக்குப் பிறகு யார் வருவார் என்பதையும் எழுதுங்கள்.