வெயிலில் காய்ந்த பியானோ

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது ஒரு நாள் வேலை. சேர்த்த சுருதி நிற்குமா என்று பயந்துகொண்டிருப்பது மற்ற நாட்களின் வேலை. வீடு வீடாகப் போய் மோட்டார், ஏசி, டிவி சரிசெய்கிற நண்பர்களே, "நீ வந்துட்டுப் போனப்புறம்தான் கெட்டுச்சு" என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு தப்பு வந்தால் படிப்பையே குறைசொல்வார்கள் என்ற பயத்தில், வேலை முடிந்தது என்று சொல்வதற்குக்கூட இரண்டு முறை யோசிப்பேன்.

ஏற்றியது

பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிற ஒருவர், மகள் ஷர்மிளாவுக்காகப் பழைய பியானோ வாங்கியிருந்தார். அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் வகை. அவள் வாசிப்பதை வீட்டிலேயே வீடியோ எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பியானோ தேர்வுக்கு அனுப்ப வேண்டும். பியானோவோ பல வருடம் சும்மா கிடந்ததில் சுருதி நன்றாக இறங்கியிருந்தது.

பகல் முழுக்கக் கம்பிகளை முறுக்கி ஏற்றினேன். இவ்வளவு ஏற்றினால் கம்பி கொஞ்சம் பின்வாங்கும், தேர்வுக்கு முன் இன்னொரு முறை சேர்த்தால்தான் நிற்கும் என்று உள்ளதைச் சொன்னேன். ஷர்மிளாவின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறுபடியும் எறங்கும்னா, காலையிலேர்ந்து இன்னா தம்பி பண்ணிகினு இருந்த?"

ஈரம்

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சத்தம் கோணலாக வருகிறது என்று அவர் போன் செய்தார். "ஈரம் ஏறியிருக்கும்ணே, வெள்ளிக்கிழமை வரேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. நெல் போடுகிறவருக்கு ஈரம் என்றால், கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பவைக்கும் ஈரம்தான்.

வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். களத்தில் ஒரு பக்கம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், மூடியைத் திறந்துவைத்தபடி பியானோ. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கம்பியும் அதோடு சேர்ந்து ஆடும். அவர் முகத்திலோ அவ்வளவு பெருமை.

"காலையிலயே போட்டாச்சு தம்பி. மத்தியானம் ஒருவாட்டி பொரட்டியும் வுட்டோம்!"

கை வைக்காத நாள்

ஆட்களை வைத்துப் பியானோவை உள்ளே தள்ளினோம். உடனே சேர்க்கச் சொன்னார். இன்று சேர்த்தால் நாளைக்கே ஓடிவிடும், ஞாயிறு காலை வரை மூடிய அறையில் ஆறட்டும் என்றேன். ஷர்மிளாவின் முகம் சுண்டிப்போனது. ஞாயிறன்று சுருதி நிற்காவிட்டால் அவளுக்கு வேறு நாள் கிடையாது. அது தெரிந்தேதான் பையை மூடினேன்.

அவள் அம்மா வாசல்வரை வந்தார். "கைய புடிச்சிப் பாத்துட்டு, ஊசி போடாம போற டாக்டரு மாரி இருக்குதே தம்பி!"

ஞாயிறு

விடிந்ததும் போய்ச் சேர்த்தேன். ஒவ்வொரு கட்டையையும் ஓங்கி ஓங்கி அடித்துத்தான் கம்பியை நிலைப்படுத்த வேண்டும். பூப்போலத் தட்டினால் வாசிக்கும்போது நழுவும். பிறகு ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினோம். குக்கர் வைக்கக் கூடாது என்று அப்பா சமையலறை வாசலிலேயே காவல் நின்றார். ஷர்மிளா வாசித்தாள். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது தேர்வின் விதி.

கடைசிப் பாட்டின் பாதியில், மேல் ஸ்தாயியில் ஒரு கட்டையின் சுருதி நழுவியது. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். அப்பா கைதட்டினார், அம்மா கண்ணைத் துடைத்தார். மறைக்க மனம் வரவில்லை. "ஒரு கட்டை இறங்கிடுச்சும்மா, என்னாலதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கேட்டுச்சுண்ணா. அதான் திரும்ப வந்தப்பல்லாம் அத மட்டும் மெல்லமா தொட்டேன்."

அந்த வீடியோவிலேயே ஷர்மிளா தேறிவிட்டாள். நான் கொடுக்கிற உத்தரவாதத்தில் பாதி வாசிக்கிறவர் விரலில்தான் இருக்கிறது என்று இப்போதெல்லாம் நிம்மதியாகவே சொல்லிக்கொள்கிறேன்.