பழனிமுத்து அத்தானும் சங்கத்துச் சட்டமும்

பழனிமுத்து என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஆறாயி அக்காவின் கல்யாணப் பேச்சில். அக்கா என் பெரியம்மாவின் மூத்த மகள். மாப்பிள்ளைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை, தொழிற்சங்கக்காரர், நல்ல நேரம் பார்க்க மாட்டாராம், ஐயரும் வேண்டாமாம் என்று தரகர் சொன்னார். "தாலியாவது கட்டுவாரா, இல்ல அதுக்கும் கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்பாரா?" என்று பெரியம்மா கேட்டார். கட்டினார்.

கொட்டாஞ்சேனையில் சங்கத்து மாடியில் ஞாயிறுதோறும் அத்தான் வகுப்பு எடுப்பார். உலகத்தில் இரண்டே சாதி, உழைப்பவன், உழைப்பைத் தின்பவன் என்பார். மூன்று பெஞ்சு போட்டுத் தேநீர்க் கடை நடத்திய என் கணவரைக்கூடச் சிறு முதலாளி என்பார். சொல்லிக்கொண்டே அங்கேதான் வடை தின்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் சங்கத் தலைவர் அவர்தான். சட்டங்களை எழுதியவரும் அவரே. உறுப்பினர் இறந்தால் பெட்டியின் மேல் செங்கொடி போர்த்தி, சங்கத்து ஆட்கள் நால்வர் தோள் கொடுப்பார்கள். வேலைநிறுத்தத்தை உடைத்தவன் இறந்தால் கொடியும் இல்லை, தோளும் இல்லை.

மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம் ஒரு தனியார் கன்டேனர் முற்றத்தில் சங்கம் அறிவித்த வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே கிரேன் ஓட்டியவன் சங்கிலி, ஆறாயி அக்காவின் கடைசித் தம்பி. ஒன்பதாம் நாள் அவன் உள்ளே போய் இரண்டு கன்டேனர்களை இறக்கிக் கொடுத்துவிட்டான். அதில் இருந்தது ஆஸ்பத்திரி மருந்து என்று அத்தானிடம் வந்து சொன்னான்.

"உள்ள என்ன இருக்குன்னு தொழிலாளி பார்க்கத் தொடங்கினா வேலைநிறுத்தம் எதுக்கு?" என்று கேட்டு, அத்தான் சங்கப் பதிவிலிருந்து அவன் பெயரை வெட்டினார். அக்கா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். அவள் இறந்து அப்போது ஆறு மாதம். வேலைநிறுத்தம் தோற்றது. பதினொரு பேருக்கு வேலை போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. போன வருடம் சங்கிலி நெஞ்சு வலியில் போய்விட்டான்.

முகத்துவாரத்தில் அவன் வீட்டுச் சந்துக்குள் வாகனம் வராது. பெட்டியைத் தோளில்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். அக்கம்பக்கம் எல்லாம் சங்கத்து ஆட்கள். சந்து முனையில் நின்று பார்த்தார்களே தவிர ஒருவரும் உள்ளே வரவில்லை. சங்கிலியின் மனைவி ஜீவராணி அத்தானுக்குச் சொல்லி அனுப்பினாள்: "கொடி வேணாம். அவரைத் தூக்க ஆள் வேணும்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், கையில் கொடியோடு. சங்கச் செயலாளர் றொஹான் முனையிலேயே மறித்தான்.

"தோழர், நீங்க எழுதின சட்டம்தானே?"

"ஓம் மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி அழைத்தார். "நான்தான் எழுதினேன். எழுதும்போது கருங்காலின்னு எழுதினேன். உள்ள கிடக்கிறது சங்கிலி."

கொடியைப் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் போய் நின்றார். என் மகன்கள் இருவரும் பிடித்தார்கள். நாலாவது தோளுக்கு ஆளில்லாமல் சற்று நேரம் நின்றோம். பிறகு, வேலை இழந்த பதினொரு பேரில் ஒருவனான ஜெயகுமார் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து தோள் கொடுத்தான்.

அடுத்த வாரம் அதே சட்டத்தை மீறியதாகச் சொல்லி அத்தானைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். முந்தி இந்தியாவில் பொதுவுடைமைக்காரராக இருந்த ஒரு பெரியவர் பிறகு தன் கட்சியையே கலைத்துவிட்டு, மனிதனிடமிருந்து தொடங்க வேண்டும் என்றாராம். அவரை ஓடுகாலி என்று வகுப்பில் தான் திட்டியதை அத்தான் என்னிடம் சொன்னார்.

"சுரண்டல் பொய்யில்ல புள்ள, அது அப்படியேதான் இருக்கு. ஆனா நான் கூட்டத்தைத்தான் பார்த்தேன். அதுல நின்ன ஆளைக் கேக்கல்ல."

அப்படியென்றால் வேலைநிறுத்தம் பிழையா என்று கேட்டேன். இல்லை என்றார். சங்கிலி செய்தது? அதுவும் பிழையில்லை என்றார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்றதற்கு, தெரியவில்லை என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

இப்போது வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறார்.