மாட்டுக்குப் பிடித்த பசை

பசை கிண்டுகிறவன் பிழைப்பு இப்படித்தான்: ஒட்டியது நின்றால் யாரும் நம்மை நினைக்கமாட்டார்கள், உரிந்து விழுந்தால் மட்டும் வீடு தேடி வருவார்கள். சட்டி கிண்டிக் கை வெந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரே அடுப்பு, ரெண்டு கட்சி

சித்தூர் ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராசோடு சேருமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம். ரெண்டு பக்கத்துக்கும் போஸ்டர் ஒட்ட என்னிடம்தான் பசை. நம்ம தமிழ்க்காரங்களுக்காக முனிரத்தினம் வந்தார். வேண்டியவராச்சே என்று புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சி, கம்பி கம்பியாய் இழுக்கிற பசை கொடுத்தேன். தெலுங்குக்காரங்களுக்காக வந்த சுப்பையாவுக்கு வெறும் மைதாக் கஞ்சி. மைதாவைக் கரப்பான் அரிக்கும் என்பதால் வழக்கம்போல் கொஞ்சம் மயில்துத்தம், அந்த நீல விஷ உப்பு, போட்டேன். சுப்பையா வாளிக்குள் எட்டிப் பார்த்து, ஏதோ ஒன்று, ஒட்டினால் போதும் என்று தலையாட்டினார்.

"ஏதோ ஒகட்டி, அண்ணா. காயிதம் கீழ விழாத இருந்தா சாலு."

விடிந்ததும் வெறும் சுவர்

மறுநாள் கடைத்தெரு முழுக்க சுப்பையாவின் போஸ்டர்தான். நம்முடையதில் அங்கங்கே ஈரமாய் ஒரு மூலை மட்டும். அன்று சாயங்காலம் ஊர்வலம் வேறு. முனிரத்தினம் பத்துப் பேரோடு கடை முன்னால் வந்து நின்றார். நான் அந்தப் பக்கம் விலைபோய்விட்டேன் என்று தெருவே நம்பியது. நம்ம சனமே ஒதுக்கிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த ஊரில் இருப்பது?

"தமிழனாய்யா நீ? எங்களுக்குத் தண்ணியா ஊத்திட்டு, அவங்களுக்குக் கெட்டியா குடுத்துக்கினு கீற!" என்று முனிரத்தினம் கத்தினார்.

பால்கார நாகம்மா

அந்த நேரம் பார்த்து நாகம்மா தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதன் வாயோரம் நம்ம போஸ்டரின் சிவப்பு எழுத்து ஒரு துண்டு! கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, மைதாச் சட்டியை மோந்து பார்த்துத் தலையைத் திருப்பியது. நேற்று மிஞ்சின புளியங்கொட்டைப் பசையை வழித்து நக்க ஆரம்பித்தது.

"அதுக்கு தெனம் புளியங்கொட்டைதான் தீனி, நைனா. இன்னிக்கு வூட்ல வெச்சத தொடவேயில்ல, நோவு வந்துடுச்சோன்னு அழுதுக்கினு கீறேன்!" என்றாள்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். முனிரத்தினம் மட்டும் சிரிக்காமல் காலி வாளியை என் பக்கம் தள்ளினார்.

"நம்மாளுன்னு நீ பார்த்தது போதும்பா. அவங்களுக்குக் குடுத்த மட்டமான பசையே எங்களுக்கும் ஊத்து."

அன்று முதல் வேண்டியவர், வேண்டாதவர் எல்லாருக்கும் மயில்துத்தம் போட்ட மைதாதான். சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, நானும் ரெண்டு பக்கத்துக்கும் கிண்டிக்கொண்டு நிம்மதியாய் அங்கேயே நின்றுவிட்டேன்.