சட்டைக் கையை மடித்துக் காட்டியவர்

அந்தமானில் திக்லிபூர் போகும் கப்பலின் மேல்தளத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பாக்குத் தோட்டக்காரர். எண்ணெய் வழியும் தலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யார் பக்கத்தில் வந்தாலும் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்கு மேலிருந்த வெட்டுத் தழும்பைக் கோயில் பிரசாதம்போல நீட்டுவார்.

"தோட்டத்துல புகுந்த திருடன் வெட்டினது, தங்கச்சி. மான் விரட்ட லைசென்ஸ் வாங்கின துப்பாக்கியாலயே போட்டுட்டேன். தழும்பைப் பாத்ததும் கோர்ட்டே தற்காப்புன்னு விட்டுடுச்சு. கேஸ் கதம்!"

"அவனுக்கு எங்கே பட்டது, அண்ணே?"

"முதுகுல."

"அப்போ ஓடிட்டிருந்தானா?"

"ஓடுறவன் திரும்பி வரமாட்டான்னு என்ன கேரண்டி? உன் பிள்ளை கழுத்துல கத்தி வச்சா சட்டம் பேசுவியா?"

மடியிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டேன். "வந்தா நானும் வெட்டுவேன். ஓடினா கதவைச் சாத்திக்குவேன்."

"மெயின்லேண்ட் படிப்பு!" என்று சிரித்தவர், ஆளைச் சுட்ட அதே கையால் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். அவள் வீறிட்டு அழுதாள்.

அப்படியொரு நிமிடம் வந்தால் கதவைச் சாத்துவதோடு நிற்பேனா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பிஸ்கட்டை எறிந்தது சரி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.