கப் அண்ட் சாசர் வாங்கப் போய்...

முதலில் அச்சுக் கோக்கும் அன்பரிடம் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்தைப் படித்து அவருக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டதாம் — பத்திரிகை ஆசிரியர் சொன்னார். என்ன செய்ய? ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய 'ற'வும் சின்ன 'ர'வும் இன்னும் என்னிடம் இடம் மாறித்தான் உட்காருகின்றன.

கடைக் கார்டு விண்ணப்பத்தில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. அதை நான் எழுதவே இல்லையே!

மகள் செல்வியைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை போட்டோவை வாங்கிப் பார்த்த செல்வி, அதைத் திருப்பித் தரவே இல்லை. வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க நல்ல கப் அண்ட் சாசர் வேண்டும் என்றாள் என் வீட்டுக்காரி சரசு. காந்திபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

பில் போடும் இடத்தில் சிரித்த முகமாக ஒரு பெண்.

"அண்ணா, எங்க கடை கிரெடிட் கார்டு போட்டுக்குங்கண்ணா. இந்த பில்லுக்கே பத்து பர்சன்ட் தள்ளுபடி. சூட்கேஸ் ஃப்ரீங்கண்ணா."

எனக்குப் பெண்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. ஆண்களிடமும் வராது. பின்னால் வேறு பத்துப் பேர் நிற்கிறார்கள். விண்ணப்பத்தை அந்தப் பெண்ணே எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் என்னவோ இருந்தது...

சில நாளில் கார்டு விஷயமாக டை கட்டிய ஒரு பையன் மொபெட்டில் வந்து, தெருமுனை டீக்கடைப் பழனிச்சாமியிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறான். நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் வந்து ஒரு வீட்டைப் பற்றிக் குசுகுசுவென்று கேட்டால் என்ன அர்த்தம்? சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள்! பழனிச்சாமி விடுவாரா?

"தங்கமான குடும்பமுங்க. சொந்த ஊடு. மேட்டுப்பாளையத்துல பாக்குத் தோப்பு இருக்குதுங்க."

மேட்டுப்பாளையத்தில் எனக்கு இருப்பது ஒரு சித்தப்பா மட்டும்தான்.

கார்டு வந்தது — தோப்புக்காரனுக்கு உரிய மரியாதையோடு, என் அரை வருடச் சம்பளம் அளவுக்குக் கடன் தருவதாக. மறுநாளே சரசு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். அடுத்த மாதம் பில் வந்தபோதுதான் அந்தப் பொடி எழுத்து என்னவென்று புரிந்தது. வட்டி, வருடக் கட்டணம், தாமதமானால் அபராதம்! கந்துவட்டிக்காரராவது வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்வார்.

அதோடு விட்டதா? தோப்புச் சேதி பரவி, இன்சூரன்ஸ்காரர், சீட்டுக்காரர், இன்னொரு கார்டுக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். பழனிச்சாமியிடம் கெஞ்சினேன்.

"இனிமே எவன் வந்து கேட்டாலும், எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிப்போடுங்க."

"உடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, டீயை நீட்டியபடி பெருமையாகச் சொன்னார்:

"இன்னைக்கு ஒரு ஆளை ஓட்டிப்போட்டேனுங்க! ஊடு வாடகை, ஊரெல்லாம் கடன், குடுத்தா காசு திரும்பாதுன்னேன். டைலருக்கும் மளிகைக்கடைக்கும் கூடச் சொல்லி வெச்சிருந்தேன். மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லிப்போட்டோம்."

"டை கட்டியிருந்தாரா?"

"இல்லீங்க, வேட்டி. பொள்ளாச்சியில கொப்பரை யாவாரமாம்."

டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா!

சரசு என்னைத் திட்டவில்லை. கப் அண்ட் சாசரை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, அந்த ஃப்ரீ சூட்கேஸில் வைத்துப் பூட்டினாள். செல்வி போட்டோவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் கார் சத்தம். பொள்ளாச்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள்! சரசு சூட்கேஸ் சாவியைத் தேடி ஓடினாள்.

நான் மென்று விழுங்கி, "விசாரிச்சீங்களாமுங்க..." என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

"ஏனுங்க, எங்க சந்தையில மூணு தரகன் ஒரே குரல்ல ஒரு மாட்டைக் குறை சொன்னா, அந்த மாட்டை உடக்கூடாதுங்க. டீக்கடையில கேட்டதை டைலர் அப்படியே ஒப்பிச்சாரு. மளிகைக்கடைக்காரர் பாதியில மறந்துபோட்டு, 'டீக்கடையில கேளுங்க'ன்னாரு! சரி, மனுசன் எதுக்கோ பயந்துக்கிட்டு சொல்லச் சொல்லியிருக்காருன்னு புரிஞ்சுதுங்க. எதுக்குங்க?"

ஃப்ரிட்ஜைக் காட்டினேன். கார்டையும் காட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அதே கடைக் கார்டை எடுத்தார்!

"எனக்கும் சூட்கேஸ் குடுத்தாங்க சம்பந்தி."

சம்பந்தி! உள்ளே செல்வியின் வளையல் சத்தம் கேட்டது. அவர் தட்டில் வெற்றிலையோடு இருந்த பாக்குவெட்டியை எடுத்து, இரண்டு கார்டுகளையும் நாலு துண்டாக்கினார். மாப்பிள்ளை போட்டோ மறுபடியும் காணாமல் போயிருந்தது.

ஒன்று சொல்கிறேன். கார்டை வெட்டலாம், பாக்கியை எந்தப் பாக்குவெட்டியும் வெட்டாது. தேதியைத் தவறவிடாமல் கட்டிவிடுங்கள்.

என் பில்லுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 15. இதை எழுதி முடித்த தேதி... பிப்ரவரி 16.